அடுப்பு அடித்தட்டில்: ஃபோர் வீல் வண்டிக்குள் ஒரு சமையலறை

வழியில் நிறுத்திச் சமைப்பதற்காக வண்டியின் டிக்கிக்குள் பொருத்திய மரப்பெட்டி இது. டிக்கி கதவைத் திறந்து லீவரை அழுத்தினால் இடப்பக்க டிராயர் 900 மி.மீ. வெளியே வந்து பூட்டிக்கொள்கிறது. முனையில் இரட்டை பர்னர் அடுப்பு, அதற்குப் பின்னால் நறுக்கும் பலகை, பலகைக்கு அடியில் கரண்டி, கத்தி வகையறா. வலப்பக்கத் தட்டில் 40 லிட்டர் குளிர்பெட்டி. இந்த அமைப்புக்கு வந்து சேர்வதற்கு முன்னால் இருந்த வடிவம் நேர் எதிரானது. அதில் சாமான் கீழே, அடுப்பு மேலே. வீட்டுச் சமையல் மேடையைப் பார்த்துப் பழகிய கைக்கு அதுதான் முதலில் தோன்றும். வண்டியில் அது வேலைக்கு ஆகாது.

கணக்கு எளிது. இந்த வண்டியின் டிக்கி தரை நிலத்திலிருந்து 780 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் 300 மி.மீ. பெட்டி, பெட்டியின் தலையில் 100 மி.மீ. அடுப்பு என்றால் பாத்திரம் உட்காரும் இடமே 1180 மி.மீ. ஆகிவிடுகிறது. நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு நிற்கும்போது முழங்கை சுமார் 1050 மி.மீ.-இல் இருக்கும். நறுக்குகிற பலகை அதைவிட 100 முதல் 150 மி.மீ. தாழ்வாகவும், அடுப்பு இன்னும் கொஞ்சம் தாழ்வாகவும் இருந்தால்தான் தோள் வலிக்காது. 1180-இல் இருக்கும் அடுப்பில் 120 மி.மீ. உயரப் பாத்திரத்தை வைத்தால் விளிம்பு 1300-க்குப் போகிறது. உள்ளே கொதிப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆவி மட்டும் நேராக முகத்துக்கு வரும். பாத்திரத்தை இறக்கும்போது கை தோளுக்கு மேலே தூக்கிய நிலையில் இருக்கும். சுடுநீர் சிந்துவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அதனால் அடுப்பு அடித்தட்டுக்கு வந்தது. தரை 780, பெட்டியின் அடிப்பலகை 12, இடைவெளி 6, டிராயரின் அடிப்பலகை 12, அடுப்பு 95. கூட்டினால் 905 மி.மீ. இன்னும் 50 குறைந்தால் நல்லதுதான், ஆனால் வண்டித் தரைக்குக் கீழே போக வழியில்லை. சஸ்பென்ஷனை உயர்த்தி, பெரிய டயர் போட்ட வண்டிகளில் தரையே 850-ஐத் தாண்டிவிடும். அங்கே டிராயருக்குள் அடுப்பை வைப்பதை மறந்துவிட்டு, பக்கவாட்டில் தாழ்வாகத் தொங்கும் தட்டோ தரையில் நிற்கும் மடக்கு மேசையோ பார்ப்பது உத்தமம்.

அளவெடுப்பதில் ஒரு இடறல் காத்திருக்கிறது. டிக்கிக்குள் இரு பக்கமும் துருத்தி நிற்கும் சக்கர மேடுகளுக்கு நடுவே 1040 மி.மீ. அகலம் இருக்கிறது என்று அதை வைத்துப் பெட்டி அடித்தால், பெட்டி உள்ளே போகாது. கதவு வாயில் அதைவிடக் குறுகல். ரப்பர் பீடிங், பூட்டின் கொக்கி, பிளாஸ்டிக் ஓர விளிம்பு எல்லாம் சேர்ந்து 1010-க்குக் கொண்டுவந்துவிடும். அகலத்தைத் தரைமட்டத்திலும், 150 மி.மீ. உயரத்திலும், 300 மி.மீ. உயரத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். நீளத்தை முன்னிருக்கையிலிருந்து அல்ல, இரண்டாம் வரிசை இருக்கை முழுதாகச் சாய்ந்த நிலையிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி முழு அளவில் ஒரு மாதிரி செய்து உள்ளே தள்ளிப் பார்த்து, கதவை மூடிப் பார்த்தால் பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

கடைசியில் நின்ற அளவுகள் இவை. பெட்டியின் மொத்த அகலம் 980, ஆழம் 900, உயரம் 260 மி.மீ. இரண்டு பக்கப் பலகையும் நடுத்தடுப்பும் 15 மி.மீ. பிர்ச் பிளைவுட். அந்த மூன்றும் 45 போக மிச்சம் 935. அடுப்புப் பக்கத்துக்கு 467, குளிர்பெட்டிப் பக்கத்துக்கு 468. டிராயர் ஓடும் தண்டவாளம்தான் ஸ்லைடு. பெரிய சுமை தாங்கும் ஸ்லைடு ஒன்றின் தடிமன் 19.1 மி.மீ., இரண்டுக்கு 38.2. ஆகவே அடுப்பு டிராயரின் வெளி அகலம் 428 வைத்து வெட்டப்பட்டது. மொத்தம் 0.8 மி.மீ. தளர்வு. சாதாரண அலமாரி ஸ்லைடுக்குப் பக்கத்துக்கு 12.7 மி.மீ. போதும் என்பதால், இணையத்தில் கிடைக்கும் அலமாரி வரைபடத்தை அப்படியே எடுத்து வெட்டினால் டிராயர் 13 மி.மீ. அகலமாகப் போய்விடும். ஸ்லைடை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அளவுகோலால் அளந்த பிறகே பலகையில் ரம்பம் வைக்க வேண்டும்.

டிராயரின் உள் அகலம் 404. இரட்டை பர்னர் அடுப்பு 550-க்கு 320 என்பதால் குறுக்கே உட்காராது, நெடுக்கே உட்காரும். இதனால் சமைப்பவர் டிராயரின் முனையில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கிறார். இது கட்டாயத்தில் வந்த முடிவு என்றாலும் நல்லதாகவே அமைந்தது. இரண்டு பர்னரும் கைக்கு ஒரே தூரம், நறுக்கும் பலகை பக்கத்திலேயே, பின்னால் குளிர்பெட்டித் தட்டை இழுத்தாலும் காலில் இடிக்காது. முக்கியமாக, தீ முழுவதும் பம்பரைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறது. மேல்நோக்கித் திறக்கும் டிக்கி கதவு மழைக்குக் கூரை மாதிரி நிற்பது உண்மை. ஆனால் அதன் உள்பக்க பிளாஸ்டிக்கும் கதவைத் தாங்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட்டும் அடுப்புச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. பர்னர் கதவு விளிம்பைத் தாண்டி வெளியே இருக்கிறதா என்று கதவைத் திறந்து, தூக்குநூல் கட்டிப் பார்த்துவிடலாம்.

எடையை முதலிலேயே எழுதிக் கூட்டாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. 12 மி.மீ. பிர்ச் பிளைவுட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8.2 கிலோ, 15 மி.மீ. 10 கிலோவுக்குச் சற்று மேல். இந்தப் பெட்டியும் டிராயர்களும் சேர்ந்து 30 கிலோ. 900 மி.மீ. ஸ்லைடு ஜோடி ஒவ்வொன்றும் 8 முதல் 9 கிலோ. குளிர்பெட்டி 18, அதற்குள் வைப்பது 15. தண்ணீரும் கேனும் 22. நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 12. கேஸ் 6, அடுப்பு 8, பாத்திரங்கள் 10. கூட்டுத்தொகை 138 கிலோ. இரண்டு ஆட்களை நிரந்தரமாகப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். வண்டியின் மொத்த எடை வரம்பில் இருந்து இதைக் கழித்துவிட்டுத்தான் மற்ற சாமான்களைப் பற்றி யோசிக்க வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் ஏறும் எடை, பின் அச்சின் பாரத்தைத் தன் எடையைவிட அதிகமாக ஏற்றி, முன் அச்சைச் சற்றுத் தூக்கும். தண்ணீர்க் கேனும் பேட்டரியும் பெட்டிக்குப் பின்னால் போகாமல் இருக்கை முதுகோடு ஒட்டி, தரைமட்டத்தில் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்.

மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மலிவு, வழவழப்பு, வெட்டவும் சுகம். ஆனால் நீராவியும் ஈரமும் பட்டால் ஓரம் உப்பும், குலுக்கலில் திருகு பிடிப்பு விடும். இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

வெட்டுவதற்கு வட்ட ரம்பமும் வழிகாட்டிச் சட்டமும், வளைவுகளுக்கு ஜிக்சா. வெட்டுக்கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கோடு போட்டு வெட்டினால் மேல்தாள் பிசிறாது. ரம்பம் தின்னும் 3 மி.மீ.-ஐ ஒவ்வொரு வெட்டுக்கும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே பலகையில் நான்கு வெட்டு என்றால் 12 மி.மீ. காணாமல் போகும். இணைப்புகளுக்கு மரப்பசையும் திருகும் சேர்த்தே போடப்பட்டிருக்கின்றன. பிளைவுட்டின் ஓரத்தில் போடும் திருகுக்கு முன்துளை இல்லாவிட்டால் அடுக்கு பிளந்துகொள்ளும்: 4 மி.மீ. திருகுக்கு 2.5 மி.மீ. துளை. பசை காயும் முன்பே மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, வித்தியாசம் 1 மி.மீ.-க்குள் வரும்வரை கிளாம்பால் இழுத்துப் பிடிக்க வேண்டும். மூலைமட்டம் மட்டும் வைத்துப் பார்த்தால் 900 மி.மீ. நீளத்தில் வரும் கோணல் தெரியாது.

அதிக நேரம் தின்றது ஸ்லைடு பொருத்துவதுதான். 227 கிலோ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் ஒரு ஜோடிக்கு உரியது, அதுவும் நிமிர்த்திப் பக்கவாட்டில் பொருத்தி, சுமை சீராகப் பரவியிருக்கும் நிலையில். அதே ஸ்லைடைத் தட்டையாகப் படுக்கவைத்து டிராயருக்கு அடியில் பொருத்தினால் தாங்கும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அகலம் மிச்சம் பிடிக்கலாம் என்று இப்படிச் செய்பவர்கள் உண்டு. குளிர்பெட்டிக்கு அது ஆகவே ஆகாது.

இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்க, 40 மி.மீ. அகலத்தில் ஒரே பலகையிலிருந்து இரண்டு பட்டி வெட்டி அடிப்பலகையில் வைத்து, அதன்மேல் ஸ்லைடை உட்காரவைத்துத் துளையிட்டால் டேப் எடுத்து அளக்க வேண்டிய தேவையே இல்லை. நடுத்தடுப்பில்தான் சிக்கல். அது 15 மி.மீ. பலகை, இரு பக்கமும் ஸ்லைடு. ஒரு பக்கத்தில் போடும் திருகு மறுபக்கத் திருகோடு மோதும், அல்லது முனை வெளியே நீட்டி மறுபக்க ஸ்லைடைத் தூக்கும். இடப்பக்கத் துளைகளையும் வலப்பக்கத் துளைகளையும் 30 மி.மீ. தள்ளிப் போட்டு, திருகுக்குப் பதில் தலை அமிழ்ந்து நிற்கும் எம்6 கவுண்டர்சங்க் போல்ட்டும் பின்பக்கத்தில் பலகைக்குள் பதியும், தட்டு வைத்த டி-நட்டும் போட்டதும் அது தீர்ந்தது. டி-நட்டின் தட்டு பலகையோடு சமமாகப் பதியவில்லையென்றால் அந்தப் பக்க ஸ்லைடு அரை மி.மீ. தூக்கி நிற்கும். உளியால் மெல்லச் சீவிப் பதிக்க வேண்டியிருந்தது.

போல்ட் தலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்லைடின் வெளித்தண்டவாளத்தில் தலை உள்ளே அமிழ்ந்து நிற்க வேண்டும். ஒரு மி.மீ. துருத்தினாலும் பால் பேரிங் கூடு அதில் வந்து முட்டும். டிராயர் முக்கால்வாசி சுகமாக வந்துவிட்டு, திடீரென்று சுவரில் இடித்தது போல நிற்கும். பலர் அதை ஸ்லைடின் பழுது என்று நினைத்து எண்ணெய் விடுகிறார்கள். டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தால் தலையில் பளபளப்பான கீறல் தெரியும், அதுதான் இடம். இன்னொரு நோய், கடைசி 100 மி.மீ.-இல் மட்டும் இறுகுவது. பெட்டியின் ஆழத்தில் அகலம் ஒன்றரை மி.மீ. குறைந்திருக்கிறது என்று அர்த்தம். நேர்மாறாக, வாசலில் இறுகி உள்ளே தளர்ந்தால் முன்பக்கம் குறுகல். குறுகலான இடத்தில் பலகையைச் சீவ வேண்டும். அகலம் கூடிய இடத்தில் மெல்லிய தகடோ லாமினேட் துண்டோ ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துச் சரிசெய்யலாம்.

பட்டறைத் தரையில் வெண்ணெய் மாதிரி ஓடிய டிராயர் வண்டிக்குள் ஏற்றியதும் சிக்கியது. காரணம் ஸ்லைடில் இல்லை. டிக்கி தரை மேசை மாதிரி மட்டமானது அல்ல: கம்பளத்துக்குக் கீழே மேடும் பள்ளமுமாக உருக்குத் தகடு. நான்கு மூலை போல்ட்டையும் இறுக்கும்போது பெட்டியே முறுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிய பின் டிராயரை ஒருமுறை இழுத்துப் பார்த்து, எந்த மூலையில் இறுகுகிறதோ அங்கே இடைவெளியை நிரப்பும் ரப்பர் துண்டு (ஷிம்) சொருகித்தான் இது சரியானது. ஒரு மூலைக்கு 4 மி.மீ. தேவைப்பட்டது.

பெட்டியை வண்டித் தரையோடு பிணைக்கும் நங்கூரம் விஷயத்தில் மட்டும் குறுக்குவழி கூடாது. கடும் மோதலில் வேகம் குறையும் விசை புவியீர்ப்பின் 20 மடங்கை எட்டக்கூடும். 138 கிலோ அந்த நொடியில் 2,700 கிலோவுக்கு மேல் எடையுள்ளதாக நடந்துகொள்ளும், அதுவும் முன்னிருக்கையை நோக்கி. எட்டு புள்ளி எட்டு தர எம்8 போல்ட் ஒன்று நேர் இழுவையில் சுமார் 21 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். ஆக போல்ட் பலவீனம் இல்லை. பலவீனம் பிளைவுட்டில் இருக்கிறது: சாதாரண வாஷரோடு போல்ட் தலை பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். 4 மி.மீ. உருக்குத் தகடை 60-க்கு 60 வெட்டி ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் வைத்தோம். 25 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டுமென்றால் இந்தத் தகடு இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மரம் நசுங்கும். தரையில் புதுத்துளை போடவில்லை. வண்டியோடு வந்த சாமான் கட்டும் கொக்கிகளைக் கழற்றி, அந்த நூலிழைத் துளைகளிலேயே போல்ட் ஏறியது. துளை போட்டே தீர வேண்டுமானால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் டேங்க், பிரேக் குழாய், வயர் கட்டு மூன்றும் அந்தப் பகுதியில்தான் ஓடுகின்றன. பெட்டிக்கு மேலே அடுக்கும் சாமானுக்கு இருக்கை முதுகில் தடுப்பு வலை தனியாக வேண்டும்.

இழுத்த டிராயரில் ஒருவர் சாய்ந்தால் பெட்டி கவிழுமா என்ற கவலை பலருக்கு உண்டு. 80 கிலோ ஆள் 900 மி.மீ. முனையில் முழு எடையையும் போட்டால், இருக்கைப் பக்க போல்ட்டுகளில் மேல்நோக்கி வரும் இழுவை 85 கிலோ அளவுதான். பூட்டப்பட்ட பெட்டிக்கு அது ஒன்றும் இல்லை. போல்ட் போடாமல் எடையால் மட்டும் உட்கார்ந்திருக்கும் பெட்டி என்றால் கதை வேறு.

கேஸ் பக்கம் வருவோம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது: புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாமல் டிக்கி தரையில் தேங்கும். முதலில் போட்ட திட்டம், சிலிண்டரைப் பெட்டிக்குள்ளேயே வைத்து டிராயரோடு நகரும் ஹோஸை நிரந்தரமாக இணைப்பது. பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஹோஸ் ஒரே இடத்தில் மடிகிறது, பலகை விளிம்பில் உரசுகிறது, உரசும் இடம் கண்ணுக்கும் தெரியாது. அதைக் கைவிட்டு, சமைக்கும்போது சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்கிற மாதிரி மாற்றினோம். 1.2 மீட்டர் ஹோஸ், ரெகுலேட்டர், அடுப்போடு இணையும் முனை. ஓடும்போது வால்வ் மூடி, ஹோஸ் கழற்றி, சிலிண்டர் தன் இடத்துக்குப் போகும். அந்த இடம் வண்டி உள்புறத்தோடு தொடர்பில்லாமல் மூடி சீல் செய்யப்பட்டு, அடியில் தரை வழியாக 25 மி.மீ. வடிகால் துளையோடு இருக்க வேண்டும். கசிந்தது கீழே இறங்கி வெளியே போய்விடும்.

ரெகுலேட்டரின் அழுத்தமும் அடுப்பின் அடியில் ஒட்டிய தகட்டில் இருக்கும் அழுத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 30 மில்லிபார் அடுப்பும் உண்டு, 37 மில்லிபார் அடுப்பும் உண்டு. இணைப்பைச் சோதிக்கச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும், நெருப்புக்குச்சி கூடவே கூடாது. குளிரான மலைப்பகுதிக்குப் போகிறவர்கள் வெறும் பியூட்டேன் குப்பியை நம்பக் கூடாது. அதன் கொதிநிலை உறைநிலைக்கு அரை டிகிரி கீழே, விடியற்காலைக் குளிரில் வாயுவாக மாறாமல் உள்ளேயே கிடக்கும். புரோப்பேனுக்கு அது மைனஸ் 42 டிகிரி.

செலவுக் கணக்குக்கு: 2.2 கிலோவாட் பர்னர் முழுத்தீயில் மணிக்கு ஏறக்குறைய 160 கிராம் எரிக்கும். காற்று வீசாத இடத்தில் மூடி போட்டு ஒரு லிட்டர் கொதிக்க 15 கிராம் போல. காற்று அடித்தால் இது சுலபமாக இரட்டிப்பாகும். ஆகவே மூன்று பக்கத் தகட்டுத் தடுப்பு கேஸை மிச்சப்படுத்தும் சாமான்களில் முதலிடம். ஒரு விதிவிலக்கு: குப்பி அடுப்போடு ஒட்டியிருக்கும் வகையில் தடுப்பால் குப்பியையும் சேர்த்து மூடக் கூடாது, பெரிய வாணலியை இரண்டு பர்னருக்கும் பரப்பிக் குப்பி மேல் நீட்டவும் கூடாது. சூடு திரும்பி அடித்துக் குப்பி வெடிக்கும். மழை என்று கதவை மூடி உள்ளே சமைப்பதும் அதே வரிசையில் சேரும். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரின் காற்றுத் துளையைப் பாருங்கள். புழுதிச் சாலைக்குப் பிறகு தூசியும், நாள்பட வைத்திருந்தால் சிலந்திக்கூடும் அங்கே அடைத்திருக்கும். மெல்லிய பிரஷ் போதும்.

அடுப்பு உட்காரும் இடத்தில் 1 மி.மீ. அலுமினியத் தகடு, நான்கு பக்கமும் 10 மி.மீ. மடிப்போடு. சிந்தியது மரத்துக்குப் போகாது, தகட்டை மட்டும் எடுத்துக் கழுவலாம். ஒரு கிலோ உலர்பொடித் தீயணைப்பானைக் கதவுக்கு அருகே, அடுப்பைத் தாண்டிக் கை நீட்டத் தேவையில்லாத இடத்தில் மாட்ட வேண்டும்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன். அழுத்த சுவிட்ச் வைத்த 12 வோல்ட் பம்ப்தான் முதலில் போட்டது. குழாயைச் சிக்கனமாகக் கொஞ்சமாகத் திறந்தால் பம்ப் ஓடுவதும் நிற்பதுமாகக் கடகடத்துக்கொண்டே இருக்கும், சுவிட்ச்சும் சீக்கிரம் தேயும். அதை நீக்கி, கால் மிதியில் அழுத்தும்போது மட்டும் ஓடும் சுவிட்ச் வைத்ததும் சத்தம் குறைந்தது. கை சோப்பாக இருந்தாலும் குழாயைத் தொட வேண்டியதில்லை. பம்புக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். புதுக் கேனையும் ஹோஸையும் பயன்படுத்தும் முன் லிட்டருக்கு ஒரு மில்லி என்ற அளவில் 5 சதவீத, வாசனை சேர்க்காத பிளீச் கலந்து நாலு மணி நேரம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை அலசினால் போதும். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஓடை, குளத்திலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள்.

மின்சாரத்தில் பெரும்பாலான புகார் ஒன்றுதான்: பேட்டரி நிறைவாக இருக்கும்போதே குளிர்பெட்டி நின்றுவிடுகிறது. குற்றவாளி வயர். டிக்கியில் ஏற்கெனவே இருக்கும் சிகரெட் சாக்கெட்டுக்கு ஓடும் வயர் மெல்லியது. 5 மீட்டர் தூரம், போகவர 10 மீட்டர், 5 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 0.35 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் மின்னோட்டம் இதைவிடக் கூடுதல். குளிர்பெட்டியின் பாதுகாப்புச் சுற்று, மின்னழுத்தம் விழுந்ததைப் பார்த்து அணைத்துவிடும். 6 சதுர மி.மீ. வயர் இழுத்ததும் இழப்பு 0.15-க்குக் கீழே வந்தது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். சிகரெட் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இறுகப் பிடித்துக்கொள்ளும் ஆண்டர்சன் பிளக். சிகரெட் பிளக் குலுக்கலில் தானாகக் கழன்றுகொள்ளும், இரவு முழுக்கக் கழன்றே கிடந்தாலும் காலையில்தான் தெரியும்.

40 லிட்டர் கம்ப்ரசர் குளிர்பெட்டி வெயிலைப் பொறுத்து நாளுக்கு 30 முதல் 45 ஆம்பியர்-மணி வரை குடிக்கும். நூறு ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு நாள் நிம்மதியாகத் தாங்கும். ஈய அமில வகையான ஏ.ஜி.எம். பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் ஒரு நாள்தான். வண்டி ஓடும்போது பேட்டரியை ஏற்றும் 25 ஆம்பியர் டி.சி. சார்ஜர் வழியாக இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு நாள் செலவு ஏறிவிடும். லித்தியத்தை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, எஞ்சின் அறைச் சூட்டிலும் வைக்கக் கூடாது. குளிர்பெட்டியின் காற்றுச் சல்லடைப் பக்கம் பலகையோடு ஒட்டியிருந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். அங்கே 50 மி.மீ. விட்டு, பலகையிலும் துளை வரிசை போடப்பட்டிருக்கிறது.

பூச்சு: பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கை, ஓரங்களுக்கு மூன்று, நடுநடுவே 240 எண் உப்புத்தாள். ஸ்லைடுக்குக் கிரீஸ் வேண்டாம், புழுதியைச் சேர்த்து அரைக்கும் பசையாகிவிடும். உலர் டெஃப்லான் ஸ்ப்ரே போதும்.

கரடுமுரடான சாலையில் 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாவற்றையும் திறந்து பார்த்தபோது, நைலான் வளையம் வைத்த, எளிதில் தளராத நைலாக் நட் போட்ட இடங்கள் அசையவில்லை. வெறும் மரத்திருகு போட்ட கைப்பிடி ஒன்றும், விளக்குத் தாங்கி ஒன்றும் தளர்ந்திருந்தன. நட்டிலிருந்து வாஷருக்குக் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், அடுத்த முறை ஸ்பானர் எடுக்காமலே கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அடுக்கிவைத்த அலுமினியப் பாத்திரங்களுக்கு நடுவே சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தது: ஒன்றோடொன்று உரசித் தேய்ந்த அலுமினியம்தான் அது. நடுவே துணி வைத்தால் நிற்கும். பாத்திரம் தாங்கும் அடுப்புக் கம்பிகளைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்தால் பாதிக் கடகடப்பு போய்விடும்.

சரிவில் நிறுத்தும்போது டிராயர் பூட்டின் அருமை தெரியும். வண்டி வால்பக்கம் தாழ்ந்திருந்தால் லீவரை விட்டதும் 30 கிலோ டிராயர் வயிற்றை நோக்கிப் பாயும், எனவே பக்கவாட்டில் நின்று திறக்க வேண்டும். தலைப்பக்கம் தாழ்ந்திருந்தால் திறந்த நிலையில் பூட்டாத ஸ்லைடு சமையலின் நடுவே உள்ளே நகர ஆரம்பிக்கும். வாங்கும்போது மூடிய நிலை, திறந்த நிலை இரண்டிலும் பூட்டும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். சின்ன ரசமட்டம் ஒன்று டிராயர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. வாணலியில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்குவதற்கு முன்பே வண்டியை நகர்த்தி வைக்க அது உதவுகிறது.

மொத்தச் செலவில் பாதிக்கு மேல் குளிர்பெட்டிக்கும் பேட்டரிக்கும் போனது. அதற்கு அடுத்தது ஸ்லைடுகள், மரத்தைவிட அதிகம். அடுத்த முறை டிராயர் பக்கங்களை 12-க்குப் பதில் 9 மி.மீ. பிளைவுட்டில் செய்து இரண்டு கிலோவாவது குறைக்கலாம். குளிர்பெட்டியின் மூடி இப்போது 1260 மி.மீ. உயரத்தில் திறக்கிறது, குட்டையானவர்களுக்கு அடியில் இருப்பது தெரிவதில்லை. கீழே இறங்கும் வகை ஸ்லைடு அதற்கு மருந்து, ஆனால் எடையும் விலையும் ஏறும். அதுவரை மடக்கு முக்காலி ஒன்று தட்டுக்கும் சக்கர மேட்டுக்கும் நடுவே சொருகப்பட்டிருக்கிறது.